நடுங்கும் வரை நலம்

ஸ்காட்லாந்தின் வடக்கே, இன்வர்னெஸ் நகரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஸ்ட்ராத்பெஃபர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. விக்டோரியா மகாராணி காலத்தில் வசதியானவர்கள் வந்து தங்கி, கந்தக ஊற்று நீரைக் குடித்து உடம்பைத் தேற்றிக்கொண்டு போன இடம். அந்த ஊரை ஒட்டிய காட்டில், நடு ஜனவரியில், ஸ்ட்ராத்பஃபர் என்ற மவுண்டன் பைக் பந்தயத்தை நடத்தினார்கள். மொத்தம் 24 மணி நேரம். சனிக்கிழமை காலையில் கிளம்பினால் ஞாயிறு காலை வரை, ஏறக்குறைய 11 கிலோமீட்டர் சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். அந்தப் பக்கம் அந்த மாதத்தில் காலை ஒன்பதை நெருங்கும்போதுதான் சூரியன் எட்டிப்பார்க்கும். மாலை நாலு மணிக்கெல்லாம் போய்விடும். ஆக, சுமார் 17 மணி நேரம் ஹெல்மெட் விளக்கின் வெளிச்சத்தில்தான் ஓட்டம்.

நான் அங்கே ஓட்டியிருக்கிறேன். அதைச் சொன்னதும் எல்லோரும் பனியைப் பற்றித்தான் கேட்பார்கள். பனி பெரிய விஷயமில்லை. தரை உறைந்து இறுகிக் கிடந்தால், இரும்பு ஆணி பதித்த டயரைப் போட்டுக்கொண்டு ஓட்டிவிடலாம். உடம்பு உலர்ந்திருக்கிற வரை மைனஸ் பத்தையும் தாங்கலாம். தாங்க முடியாதது இரண்டு டிகிரியில் பெய்கிற மழை. உறையவும் செய்யாது, நிற்கவும் செய்யாது. நம்மைக் கதகதப்பாக வைத்திருப்பது துணி இழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கிற காற்று. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் சட்டை இருந்தும் இல்லாததுபோல்தான். காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடம்புச் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். மேட்டில் மூச்சிரைக்க மிதிக்கும்போது உள்ளிருந்து வியர்வை நனைக்கும், வெளியிலிருந்து மழை நனைக்கும். பிறகு இறக்கம் வரும். கால் சும்மா இருக்கும், ஊதக்காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கும். குளிர் நம்மைப் பிடிப்பது எப்போதும் அந்த இறக்கத்தில்தான்.

சைக்கிளும் நம்மோடு சேர்ந்து அவதிப்படும். அந்தச் சேற்றில் கல் பொடியும் கலந்திருக்கும். சாதாரண பிரேக் பேட் அதில் தேய்ந்து ஒரே இரவில் தகடு வரைக்கும் போய்விடும், அதனால் உலோகத் துகளை அழுத்திச் செய்த கடினமான பேடைத்தான் போடுவோம். பின் கியரில் சகதி அடைத்துக்கொண்டு செயின் தாவும். அந்தத் தொல்லையே வேண்டாமென்று ஒற்றைக் கியர் சைக்கிளோடு வருகிறவர்கள் உண்டு. அகலமான டயரைவிட, கட்டைகள் தள்ளித் தள்ளி இருக்கும் ஒல்லியான டயர்தான் சேற்றை உதறிவிட்டுத் தரையைப் பிடிக்கும். இதெல்லாம் கடையில் காசு கொடுத்துச் சரிசெய்யக்கூடியவை. கையை அப்படிச் சரிசெய்ய முடியாது. உயிரைக் காக்க உடம்பு முதலில் கைவிடுவது விரல்களைத்தான். ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்தத்தை நெஞ்சுக்குள் இழுத்துக்கொள்ளும். பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். விறைப்பாவது பரவாயில்லை. ரத்தம் திரும்பி வரும்போது வருகிற வலி இருக்கிறதே, அப்போது கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து நின்று வாய்விட்டு அழுகிற ஆஜானுபாகுவான ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல அழுகை அது. விரல் பிழைத்துவிட்டது என்று அர்த்தம்.

"காசு கொடுத்துக் கஷ்டத்தை வாங்கிக்கிறியேப்பா" என்பாள் அம்மா போனில். அவள் கேட்பது நியாயம். கொட்டுகிற மழையில் மின்கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவருக்கும், ஆட்டுக்குட்டியைத் தேடிப் போகிறவருக்கும் இந்தக் குளிர் பிழைப்போடு வருவது. எனக்கு அப்படியில்லை. ஒவ்வொரு சுற்று முடிவிலும் கூடாரம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, கார் இருக்கிறது. விரும்பி ஏற்ற கஷ்டத்தைத் தவம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வராது. ஆனால் வேறு எங்கும் எனக்குக் கிடைக்காத ஒரு பயிற்சி அதில் கிடைத்தது. உடம்புக்கு ஒவ்வாதது எது, உயிருக்கு ஆகாதது எது என்று இரண்டையும் பிரித்துப் பார்க்கிற பயிற்சி.

இரண்டும் முதலில் ஒரே மாதிரிதான் இருக்கும். பல் கிட்டி உடம்பு தூக்கிப்போடுகிறபோது உயிர் போகப்போகிறது என்று தோன்றும். உண்மையில் நடுக்கம் என்பது தசைகள் தாமாகவே சுருங்கி விரிந்து சூட்டை உண்டாக்குகிற வேலை. நடுங்குகிற உடம்பு போராடிக்கொண்டிருக்கிறது. குளிர் குறையாமல் இருக்கும்போதே நடுக்கம் மட்டும் நின்றுபோனால்தான் பயப்பட வேண்டும். உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதற்கு மருத்துவர்கள் தனியாகவே பேர் வைத்திருக்கிறார்கள். நாக்கு குழறும், கால் இடறும், கை சொன்ன பேச்சு கேட்காது. அதோடு ஒருவிதமான நிம்மதியும் வந்துவிடும். குளிரவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அந்த ஆள் மனதாரச் சொல்வார். ஒவ்வாதது கத்திக் கூப்பாடு போடுகிறது, ஆபத்தோ சத்தமே இல்லாமல் வந்து பக்கத்தில் உட்காருகிறது.

ஆகவே இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லையை அப்போது நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. குளிரில் முதலில் மழுங்குவது அதைப் பார்க்க வேண்டிய புத்தி. என் மனைவியின் தம்பிதான் எனக்குத் துணைக்கு வருவான். கிளம்புவதற்கு முன்பே, சூடாக டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு ஒப்பந்தம் செய்துகொள்வோம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கோட்டின் ஜிப்பை நான் கழற்றி நானே மறுபடி மாட்ட வேண்டும். உதவி கேட்கக் கூடாது. முடியாவிட்டால் அவன் சொல்கிறதுதான் சட்டம்.

ஒரு நள்ளிரவு, விடாத மழை. வழக்கம்போல் ஜிப்பைப் பிடித்தேன். பல்லும் பல்லும் சேரவில்லை. இன்னொரு தடவை. சேரவில்லை.

"உக்காருங்க அத்தான்."

"இல்ல மாப்ள, நல்லாத்தான் இருக்கேன். இன்னும் ஒரு சுத்து."

"நீங்க சொல்றது பாதி புரியல. உக்காருங்க."

நான் ரொம்பத் தெளிவாகப் பேசுகிறேன் என்றே எனக்குத் தோன்றியது. அவன் வாதாடவில்லை. என் ஹெல்மெட்டிலிருந்து விளக்கைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். ஈரத்தையெல்லாம் உருவி, உலர்ந்த கம்பளிச் சட்டை மாட்டி, தூங்கும் பைக்குள் திணித்து, சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தான். கூடாரத்துக்குள் வந்து வெகுநேரம் கழித்துத்தான் நடுக்கம் ஆரம்பித்தது. நடுங்க ஆரம்பித்ததும் அவன் முகத்தில் வந்த மலர்ச்சியை இன்னும் மறக்கவில்லை. பொழுது விடிந்த பிறகுதான் விளக்கைத் திருப்பிக் கொடுத்தான்.

சைக்கிள் பந்தய வரலாற்றில் குளிர்க் கதைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றை நாம் சொல்கிற விதத்தில்தான் எனக்குச் சண்டை. 1980இல் லியேஜ்–பஸ்தோன்–லியேஜ் சாலைப் பந்தயம் பனிப்புயலில் நடந்தது. கிளம்பியவர்கள் 174 பேர், முடித்தவர்கள் 21 பேர். பெர்னார் ஈனோ ஒன்பது நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் வென்றார். இது வீரகாவியமாகச் சொல்லப்படுகிறது. அன்று அவருடைய இரண்டு விரல்களில் போன உணர்ச்சி சரியாகத் திரும்பவே இல்லை என்பதையும் அந்த வீரத்துக்கு ஆபரணம்போலச் சேர்த்துச் சொல்கிறார்கள். எனக்கு அது ஆபரணமாகத் தெரியவில்லை.

எனக்குப் பிடித்தது 1988 ஜூன் 5ஆம் தேதிக் கதை. ஜீரோ தித்தாலியா என்ற பல நாள் சைக்கிள் பந்தயம் இத்தாலியின் காவியா கணவாயைக் கடந்த நாள். 2,600 மீட்டருக்கு மேலே, மண் சாலையில், ஜூன் மாதத்தில் பனி கொட்டியது. நெதர்லாந்துக்காரர் யோஹான் வான் டர் வெல்டே அரைக்கைச் சட்டையோடு எல்லோருக்கும் முன்னால் உச்சியை எட்டினார். அங்கிருந்து இறங்க அவரால் முடியவில்லை. வழியில் ஒதுங்கிச் சூடு தேடிக்கொண்டு, முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பிந்தி வந்து சேர்ந்தார். அமெரிக்கர் ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் அணிக்காரர்கள் வானிலையைக் கேட்டுவிட்டு, முன்கூட்டியே கடைக்குப் போய்ப் பனிச்சறுக்குக் கையுறையும் தொப்பியும் வாங்கி வந்திருந்தார்கள். ஹாம்ப்ஸ்டனும் அன்று குளிரில் செத்துப் பிழைத்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் உச்சியில் மாட்டிக்கொள்ள அவரிடம் ஏதோ இருந்தது. அந்த ஆண்டு ஜீரோவை வென்றார். இரண்டு பேருக்கும் நெஞ்சுரம் ஒன்றுதான். கையுறை வாங்கியவர்கள்தான் வித்தியாசம்.

அந்த முன்யோசனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓட்டப் பந்தயத்தில் ஒரு உதாரணம் உண்டு. 2021 மே 22ஆம் தேதி சீனாவின் கன்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டப் பந்தயம் ஒன்று நடந்தது. கலந்துகொண்டவர்கள் 172 பேர். பலரும் டிராயரும் பனியனுமாகத்தான் கிளம்பினார்கள். காற்றுத் தடுக்கும் கோட்டு கட்டாயப் பட்டியலில் இல்லை. மலைமேல் ஆலங்கட்டியும் உறைமழையும் சூறைக்காற்றும் சேர்ந்து வந்தன. 21 பேர் இறந்தார்கள். அவர்களில் நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்களும் இருந்தார்கள். ஆறு பேர் பிழைத்ததற்குக் காரணம் ஜூ கெமிங் என்ற ஆட்டிடையர். மழைக்குக் குகையில் ஒதுங்கியிருந்தவர், வெளியே தடுமாறிக்கொண்டிருந்தவர்களை உள்ளே இழுத்துக் கிடத்தி, நெருப்பு மூட்டி, போர்வை போர்த்தினார். அந்த மலைக்கு அன்று அவர் பிழைப்புக்காகப் போனவர். குளிர் எப்போது கொல்லும் என்பது ஓடப்போனவர்களைவிட அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுபக்கமும் உண்டு. ஒவ்வாததை ஆபத்து என்று நினைத்து மிரள்வதும் ஆளைச் சாய்க்கும். மழையில் நனைந்த மரவேர் குறுக்கே கிடந்தால் கை தன்னால் பிரேக்குக்குப் போகும். பிரேக் பிடித்தால்தான் விழுவோம். சக்கரத்தை உருளவிட்டு, உடம்பைத் தளர்த்தி, வேரைத் தாண்டி எங்கே போக வேண்டுமோ அங்கே பார்த்தால் சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத் தானே நேராகிவிடும். 2011இல் சுவிட்சர்லாந்தின் ஷாம்பெரியில் நடந்த உலக மலையிறக்கப் போட்டியைப் பாருங்கள். செங்குத்தான காட்டுப் பாதை மழையில் குழம்பாகிக் கிடந்தது. மற்றவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிய இடங்களில் 19 வயது டேனி ஹார்ட் சைக்கிளை வழுக்கவே விட்டார். நொடியின் பின்னங்களில் முடிவாகிற அந்த விளையாட்டில் அவர் வென்ற இடைவெளி 11.699 நொடி. அந்த ஓட்டத்தின் வீடியோவைப் பார்க்கும்போதெல்லாம் அவர் பயப்படாத இடங்களை மட்டும் பார்க்காமல், பிரேக் பிடிக்கிற இடங்களையும் கவனிப்பேன். அங்கங்கே பிடிக்கத்தான் செய்கிறார்.

என் அப்பா ஒவ்வாததையும் ஆபத்தையும் மாற்றிப் பிடித்தவர். சித்தப்பாவோடு நேரில் உட்கார்ந்து பேச வேண்டிய ஒரு பேச்சு பல வருஷமாகக் கிடந்தது. பேசினால் கொஞ்ச நேரம் முகம் கோணும், தொண்டை அடைக்கும். அவ்வளவுதான். அதை உயிர் போகிற காரியம்போல ஒதுக்கிக்கொண்டே இருந்தார். ஆனால் நெஞ்சில் பாரமாக இருக்கிறது என்றபோது, வாயுதான் என்று ஓமத்தண்ணீரைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்திருந்தது. அவருக்குத் தைரியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எதைத் தாங்க வேண்டும், எதைத் தாங்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இருக்கவில்லை. அவருடைய தலைமுறையில் தாங்கிக்கொள்வதே குணம் என்றுதான் வளர்த்தார்கள்.

மலையில் கற்றது வீட்டில் அப்படியே பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. சேற்றில் அறிகுறிகள் தெளிவு. உத்தியோகத்திலும் உறவிலும் அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. ஆனாலும் முன்பைவிட அடிக்கடி என்னையே கேட்டுக்கொள்கிறேன்: இது நடுக்கமா, நடுக்கம் நின்றுபோனதா? சில நாள் பதில் கிடைக்கிறது. கிடைக்காத நாளில் வீட்டில் இருக்கிறவர்களிடம் கேட்கிறேன், என் பேச்சு குழறுகிறதா என்று.

குளிரிலும் மழையிலும் பந்தயத்துக்குப் போக நினைப்பவர்கள் தாராளமாகப் போங்கள். பருத்திச் சட்டை வேண்டாம். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு தரும். உலர்ந்த கையுறை இரண்டு மூன்று ஜோடி பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்துகிற அதிகாரத்தைக் கிளம்புவதற்கு முன்பே இன்னொருவர் கையில் கொடுத்துவிடுங்கள், அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். அவருக்கென்று உங்களுடையதைவிடத் தடிமனான கோட்டு ஒன்றை மறக்காமல் எடுத்துப் போங்கள். இரவெல்லாம் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறவருக்குத்தான் குளிர் அதிகம்.