உதடு அசைந்த இரவு

சிவராத்திரி என்றால் எங்கள் தெருவுக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு வரும். கோயிலில் முதல் கால பூஜை பார்த்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு எல்லோரும் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்காருவோம். என்ன படம் என்று யாரும் கேட்டதில்லை. முதல் கேசட் 'திருவிளையாடல்'. 'கந்தன் கருணை', 'திருவருட்செல்வர்' எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1965இல் ஏ.பி.நாகராஜன் எடுத்த படம். சிவனாகச் சிவாஜி, பார்வதியாகச் சாவித்திரி, நக்கீரராக இயக்குநரே. தருமியாக வரும் நாகேஷ் தனியாகப் புலம்பத் தொடங்கும் முன்பே எங்கள் அப்பத்தாவின் உதடு அசையத் தொடங்கிவிடும். வசனம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம்.

தெரிந்த கதையை ஏன் வருஷா வருஷம் பார்த்தோம்? புதுப்படம் என்றால் அடுத்து என்ன ஆகுமோ என்ற தவிப்பில் கண் திரையை விட்டு நகராது. தெரிந்த படத்தில் அந்தத் தவிப்பு கிடையாது. கண் சாவகாசமாக அக்கம்பக்கம் திரும்பும். தருமி வரும்போதெல்லாம் நான் பார்த்தது அப்பத்தாவைத்தான்.

ஒரு வருஷம் கிணற்று மோட்டார் முறைக்காக அப்பாவும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அப்பத்தா கூப்பிட்ட தோஷத்துக்கு அப்பா வந்து தூணோரம் உட்கார்ந்தார். பெரியப்பா வாசல்படியோரம். ஹேமநாத பாகவதராக டி.எஸ்.பாலையா மிடுக்கோடு பாடிய இடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். சிரித்த முகத்தோடு ஒருவரையொருவர் பார்த்துவிட்டுச் சட்டென்று திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சற்று நேரத்தில் பெரியம்மா சுக்குமல்லிக் காப்பி கொண்டுவந்தாள். பெரியப்பா வாங்கிய முதல் டம்ளரை அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை கிடையாது.

அந்தப் படத்தின் கட்டுமானம் எனக்கு வெகுநாள் கழித்தே பிடிபட்டது. ஒரு பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு பிள்ளை பழநிக்குப் போய்விடுகிறான். அவனைத் தணிக்கத் தாய் பார்வதி தேடி வந்து சொல்லும் கதைகள்தான் தருமியும் தட்சனும் மீனவப் பெண்ணும் பாணபத்திரரும். யார் பக்கம் நியாயம் என்று அவள் வழக்காடவில்லை. பழத்தையும் வாங்கித் தரவில்லை. பக்கத்தில் இருந்து கதை சொன்னாள், கோபம் கரைந்தது. மகன்கள் இருவரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்த அப்பத்தாவும் அதைத்தான் செய்திருக்கிறாள்.

இப்போதும் விடிய விடிய விழித்துத்தான் இருக்கிறோம். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு படம். போன சிவராத்திரிக்குப் பிள்ளைகளைக் கூடத்துக்குக் கூப்பிட்டு அதே படத்தைப் போட்டேன். அவர்கள் முகத்தில் இருந்த சலிப்பு கொஞ்ச நேரத்தில் மறைந்தது. தருமி புலம்பத் தொடங்கினார். பக்கத்தில் யாரோ உற்றுப் பார்ப்பதுபோல் இருந்தது. திரும்பினேன். என் மகள் திரையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் உதடு அசைந்துகொண்டிருந்தது.

கண் விழிப்பது விரதம் என்று பெரியவர்கள் வைத்தார்கள். விழித்த கண் பக்கத்தில் இருப்பவர் முகத்தில் போய் நிற்கும்போது அந்த விரதம் பலித்துவிடுகிறது.