லிப்டனுக்குப் பக்கத்தில் ஓர் இடம்

அப்புத்தளைக்கு வருகிற சுற்றுலாக்காரர்களும் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்களும் ஒரு விஷயத்தில் ஒன்று. இரு தரப்பும் விடியுமுன் எழும்பியாக வேண்டும். லிப்டன் சீட் என்கிற மலையுச்சியிலிருந்து பார்க்க வேண்டியதை ஒன்பது, பத்து மணிக்குள் பார்த்துவிட வேண்டும். அதன் பிறகு பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்க வேண்டியவர்களுக்கோ பனியும் ஒரு சாக்கல்ல, மழையும் சாக்கல்ல. ஆகவே தம்பேத்தன்ன பாதையில் காலையில் இந்த இரண்டு கூட்டமும் எதிர்ப்படும். ஆட்டோவுக்குள் கம்பளித் தொப்பியோடு ஒரு கூட்டம் மேலே போகும். இடுப்பில் படங்கு கட்டிய இன்னொரு கூட்டம் கானோரமாக ஒதுங்கி வழிவிடும்.

லிப்டன் சீட் ஏறத்தாழ 1,970 மீட்டர் உயரம். தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தம்பேத்தன்ன உட்படப் பல தோட்டங்களை வாங்கினார். இந்த உச்சியில் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்ப்பாராம். இப்போது அங்கே அவருக்குச் சிலை இருக்கிறது. கையில் தேநீர்க் கோப்பையோடு அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள இடம் விட்டிருக்கிறார்கள். எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். தெளிந்த நாளில் தெற்கே தாழ்நிலம் முழுவதும் விரிந்து, அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கடல் வரை கண்ணுக்கு எட்டும். அந்தக் காட்சியைப் பற்றி யாரும் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அது உண்மையிலேயே பெரிய காட்சி.

வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் இஸ்தோப்பில் நின்றாலே அந்த உச்சி தெரியும். சிறுவயதில் அதைப் 'பார்க்க' யாரும் போனதாக எனக்கு நினைவில்லை. மேலே நம்பர் போட்ட மலைகள் இருந்தன. கொழுந்து எடுக்கப் போனார்கள், கவ்வாத்து வெட்டப் போனார்கள், வந்தார்கள். வாழ்நாளில் பெரும்பகுதியை அந்தச் சரிவிலேயே கழித்த என் பெரியம்மாவிடம் ஒருமுறை கேட்டேன்: "மேல இருந்து பாத்தா என்னா பெரியம்மா தெரியும்?" அவர் யோசிக்கவே இல்லை. "இன்னும் எத்தன நெர பாக்கி கெடக்குன்னு தெரியும்" என்றார்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு, பாவம் என்கிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. பெரியம்மாவின் கண் கூர்மையான கண். எந்தச் செடியில் துளிர் முற்றிவிட்டது, எது நாளைக்குத் தாங்கும் என்று நடந்துகொண்டே சொல்லுவார். அவருடைய விரல் நுனிகள் கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்திருக்கும். எந்தச் சவர்க்காரத்துக்கும் அது போகாது. லிப்டனுக்கும் அவருக்கும் ஒரே மலைதான். ஒருவர் உட்கார்ந்து பார்த்தார், மற்றவர் குனிந்து பார்த்தார்.

ஊரைப் பார்க்கப் போவது என்கிற பழக்கத்தைப் பற்றிச் சில காலமாகவே எனக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. பார்க்க வருகிறவர் அந்த இடத்துக்கு என்ன கடன்படுகிறார்? பார்க்கப்படுகிறவர் கையில் என்ன மிஞ்ச வேண்டும்? இந்தக் கேள்வியோடு உலகத்தைப் பார்த்தால் முதலில் கண்ணில் படும் ஊர் இத்தாலியின் வெனிஸ். கால்வாய்களே தெருக்களாக, சேற்றில் அறைந்த மரக்கட்டைகள் மேல் எழும்பிய நகரம். உலகத்தில் மிக அதிகமாகப் பார்க்கப்பட்ட ஊர்களில் அதுவும் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், முன்னொரு காலத்தில் நம்மைப் பார்க்க வந்தவர்களில் ஒருவரும் வெனிஸ்காரர்தான். மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சீனாவிலிருந்து ஊர் திரும்புகிற வழியில் இந்தத் தீவைத் தொட்டார். அரசனிடம் இருந்த மாபெரும் மாணிக்கத்தைப் பற்றியும் சிவனொளிபாத மலையைப் பற்றியும் பிறகு ஜெனோவாச் சிறையிலிருந்தபடி சொல்லி எழுதுவித்தார். அந்த மாணிக்கத்தை மண்ணுக்குள்ளிருந்து எடுத்தவன் யார் என்ற கேள்வி அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை. சுற்றுலாக்காரர்களின் வழக்கம் அன்றைக்கே அப்படித்தான் போலும்.

அந்த வெனிஸ் இன்று பார்வையாலேயே தேய்ந்துகொண்டிருக்கிறது. 1951இல் பழைய நகரத் தீவுகளில் ஏறத்தாழ 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022இல் அது 50,000க்கும் கீழே இறங்கியது. ரியால்டோ பாலத்துக்குக் கிட்ட உள்ள ஒரு மருந்துக் கடை, மிச்சமிருக்கிற குடிமக்களின் எண்ணிக்கையைக் கண்ணாடி அலுமாரியில் மின்னெழுத்தில் காட்டிக்கொண்டே இருக்கிறது. வீடுகள் தங்குமிடங்களாகின்றன, காய்கறிக் கடை முகமூடிக் கடையாகிறது, பிள்ளைகள் நீர்ப்பரப்புக்கு அப்பால் உள்ள நிலப்பகுதிக்குக் குடிபோகிறார்கள். கொண்டோலா என்கிற அந்தக் கறுப்புப் படகில் ஊர்க்காரர் வேலைக்குப் போவதில்லை. அவர் நீர்ப்பேருந்தில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார். கொண்டோலா பெரும்பாலும் பார்க்க வந்தவர்களுக்காகத்தான் ஓடுகிறது. அரை மணி நேரத்துக்கு 90 யூரோ.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் இல்லாமல் இல்லை. கொக்கலைப் பக்கம் கடலுக்குள் கம்பு நட்டு அதன் மேல் உட்கார்ந்து தூண்டில் போடுவார்களே, அந்தப் படத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. சுனாமிக்குப் பிறகு அங்கே பலருக்கு மீனை விடப் படம்தான் வருமானம். கம்பும் தூண்டிலும் இருக்கின்றன, மீன் இருக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. எங்கள் மலைகளிலும் அது தொடங்கிவிட்டது. நுவரெலியாப் பக்கம் ஹோட்டல்களில் விருந்தாளிகளுக்குச் சேலை கட்டி, முதுகில் கூடை மாட்டி, செடிக்கு நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்தக் கூடையில் இரண்டு கைப்பிடிக் கொழுந்து இருக்கும். நிறுவைக் கங்காணி அதைப் பார்த்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், கூடப் போடமாட்டார்.

ஆனால் தேயிலைக்குள் நிற்கும் தமிழ்ப் பெண்ணைப் படமாக்கியது இன்றைய கைத்தொலைபேசிக்காரர்கள் அல்ல. நூறு வருடத்துக்கு முந்திய லிப்டன் விளம்பரங்களிலேயே அவள் இருக்கிறாள், கூடையோடு, சிரிப்போடு. இங்கிலாந்தில் தேநீர் குடித்த குடும்பங்களுக்கு அவள் முகம் பழக்கமானது. அவள் பெயர் தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் மட்டும் இருந்திருக்கும். அந்தச் சிரிப்பைத்தான் இன்றைக்கு வருகிறவரும் எதிர்பார்த்து வருகிறார். அந்தப் படம் வராவிட்டால் அவருக்குப் பயணம் நிறைந்ததாகத் தோன்றாது.

தம்பேத்தன்ன பாதையில் ஒரு திருப்பத்தில் இதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கமெராவைத் தூக்கிய வெளிநாட்டுக்காரருக்கு ஓர் அக்கா நிமிர்ந்து நின்று சிரித்துவிட்டு, கையை நீட்டிக் காசு கேட்டார். அவர் முகம் சுருங்கிப்போனது. கூட வந்த வழிகாட்டிக்கும் கோபம். "இப்பிடிக் காசு கேட்டா இனி யார் வருவாங்க?" என்று தமிழில் அதட்டினார். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே மீண்டும் குனிந்தார். "நா நிமிந்து நிக்கிற நேரத்துக்கு கால் கிலோ போயிருது தம்பி. நிறுவையில அத யாரு குடுப்பா, நீங்களா?"

இதற்கு வெட்கப்படுகிற எங்களவர் பலர் உண்டு. படித்து வெளியே வந்தவர்கள் குறிப்பாக. நான் அந்த அக்காவின் பக்கம். 2024 செப்டெம்பரில் நிர்ணயமான அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. கிலோ குறைந்தால் அந்தப் பேரும் முழுதாக விழாது. அந்தக் கணக்குக்குள் நிற்கும் ஒருவர் தன் சிரிப்புக்கு விலை சொல்வது பிச்சையல்ல. கொண்டோலாக்காரர் 90 யூரோவை நகராட்சி விலைப்பட்டியல் போட்டு வாங்குகிறார். அவரை யாரும் அதட்டுவதில்லை.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அது அழகிலும் இல்லை, கூட்டத்திலும் இல்லை. வெனிஸ் மக்கள் வீதியில் இறங்கிக் கத்தினார்கள். 2021 ஓகஸ்டிலிருந்து பெரிய உல்லாசக் கப்பல்கள் நகரின் முகப்பு வழியாகப் போவது தடைசெய்யப்பட்டது. 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் அதிகமான நாட்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ அறவிட்டார்கள். இரவு தங்குகிறவருக்கு அந்தக் கட்டணம் இல்லை. கட்டணத்தால் கூட்டம் குறைந்ததா என்பது வேறு விவாதம். ஊர் தங்களுடையது, வருகிறவருக்கு நிபந்தனை சொல்லலாம் என்று சொல்ல அவர்களுக்கு வாயிருந்தது, வாக்கிருந்தது, வீட்டு இலக்கம் இருந்தது. வெனிஸில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் கதவிலக்கம் ஆயிரக்கணக்கில் போகும்; கண்டுபிடிப்பது தலைவலி, ஆனாலும் ஒவ்வொரு கதவுக்கும் ஒன்று உண்டு.

எங்கள் லயத்தில் காம்பராவுக்கு அப்படி ஒரு முகவரி கிடையாது. பெயர், டிவிசன், தோட்டம், அவ்வளவுதான். கடிதம் தோட்டத்து ஒப்பீசுக்கு வரும். அங்கிருந்து யாராவது போகிற போக்கில் கொண்டுவந்து கொடுப்பார்கள். எனக்கு வந்த ஒரு நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த மறுவாரம் கைக்குக் கிடைத்தது. இதை ஒரு பெரிய துயரமாகச் சொல்ல வரவில்லை. லயத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களான எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கு பிரித்தது. மிச்சமிருந்தவர்களுக்கு 2003 சட்டத்தில்தான் முழுதாகக் குடியுரிமை வந்தது. குடியுரிமை வந்தது, காணி வரவில்லை. வெனிஸில் வீடுள்ளவன் வீட்டை விட்டுப் போகிறான். இங்கே தலைமுறை தலைமுறையாகப் போகாமல் இருந்தவனுக்கு வீடு சொந்தமில்லை.

நிலம் சொந்தமில்லாதவனுக்கு நிலத்தின் ஆபத்து மட்டும் சொந்தம். பெரகலைச் சந்தியிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்குகிற பாதை, 220 மீட்டர் உயரத் தியலும நீர்வீழ்ச்சியைப் பார்க்கப் போகிறவர்களின் பாதை. அதே பக்கத்தில்தான் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயன்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. ஆபத்து என்று சொன்னவர்கள் எங்கே போய் இருப்பது என்று சொல்லவில்லை. பிள்ளைகள் சிலர் பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பினார்கள். திரும்பி வர லயம் இல்லை. நீர்வீழ்ச்சிக்குப் போகிற வான்கள் இப்போதும் அந்தப் பாதையால்தான் போகின்றன. பல வழிகாட்டிகள் அங்கே ஒன்றும் சொல்வதில்லை. சொன்னால் விருந்தாளிகளின் மனநிலை கெட்டுவிடுமாம்.

சுற்றுலாவே வேண்டாம் என்கிற கட்சியில் நான் இல்லை. தோட்டத்துப் பொடியன்கள் கொழும்புக் கடைகளில் சாமான் தூக்கப் போகாமல் ஊரிலேயே ஆட்டோ ஓட்டிப் பிழைக்க முடிகிறதென்றால் அதற்கு லிப்டன் சீட்தான் காரணம். அடிஷம் பங்களாவுக்கும், எல்ல ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் கூட நன்றி சொல்ல வேண்டும். ஒரு வெள்ளைக்காரர் கென்ட் மாவட்டத்தில் தான் பிறந்த ஊரின் பெயரை வைத்து 1931இல் அப்புத்தளை மேட்டில் கட்டிய பங்களாதான் அடிஷம். இன்று பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். அவர்கள் விற்கிற ஸ்ட்ரோபெரி ஜாமுக்கு நானும் அடிமை. எங்கள் ஆட்களும் பார்க்கப் போகிறவர்கள்தானே. கதிர்காமத்துக்கு பஸ் பிடித்துப் பாட்டும் மேளமுமாகப் போகிறோம். காலிமுகத்திடலில் அலைக்குப் பயந்து கூச்சல் போடுகிறோம். பார்க்கும் ஆசை எந்தப் பணக்காரனின் உடைமையும் அல்ல. பெரியம்மா கூடக் கடைசிக் காலத்தில் நுவரெலியா வாவியில் படகு ஏறினார். இறங்கி வந்து, "தண்ணி நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தக் கரையில கொழுந்து முத்திப்போச்சு" என்றார்.

அப்புத்தளையில் என்ன பார்க்கலாம் என்று கேட்கிற நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு நாளில் ஓடிவந்து போகாதீர்கள், ஓர் இரவாவது தங்குங்கள். அந்தக் காசு ஊருக்குள் நிற்கும். காலையில் போகும்போது ஆட்டோ பிடிக்காமல் தம்பேத்தன்ன பஸ்ஸில் ஏறுங்கள். ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். பள்ளிப் பிள்ளைகளும் டிஸ்பென்சரிக்குப் போகிற கிழவிகளும் மரக்கறி மூட்டைகளும் உங்கள் மடியில் வந்து விழும். பேக்டரி வாசலில் இறங்கி அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் மேலே நடந்து போகலாம். வழியில் லயங்களைத் தாண்டும்போது யாராவது எந்த ஊர் என்று கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டு நீங்களும் அவர்கள் பெயரைக் கேளுங்கள், படம் பிறகு எடுக்கலாம். காசு கேட்டால் கொடுங்கள். பஸ்ஸுக்கும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கண்டக்டரிடம் மீதி கொடுக்க ஒன்றும் இருக்காது.