எண்ணிக்கையில் வராதவர்கள்

ரயில் நிலையத்துக்குள் நுழைய ஒருவருக்கு இருக்கும் உரிமைக்காக, அந்த நிலையத்து வாசலை நம்பிப் பிழைக்கும் இன்னொருவர் தம் இடத்தை இழக்கலாமா? அமிர்த பாரத் நிலையத் திட்டத்தில் ஊர் ஊராக நிலையங்கள் மாற்றிக் கட்டப்படும் இந்நாளில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. 2025 மே 22 அன்று நாடெங்கும் திறந்துவைக்கப்பட்ட 103 நிலையங்களில் சிதம்பரம், ஸ்ரீரங்கம், திருவண்ணாமலை உள்ளிட்ட ஒன்பது தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. இப்படி வேலை தொடங்கும் இடங்களில் டீக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர், சுமை தூக்கும் தொழிலாளி, தண்டவாளத்தைக் கடந்தே பழகிய அக்கம்பக்கத்தார் என ஆளுக்கொரு கவலை எழுகிறது. எதுவும் அற்பக் கவலை இல்லை.

மோதல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 25,000 வோல்ட் மின்கம்பிக்கு மேலே போக வேண்டியிருப்பதால் நடைமேம்பாலம் 6 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் நிற்கிறது. சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம் ஒரு மீட்டர் உயர 12 மீட்டர் நீள வேண்டும் என்பது விதி. ஆக, ஒரு பக்கத்துக்கு மட்டும் 72 மீட்டர். நடுவே இளைப்பாறும் தளங்கள் தனி. சிறிய நிலையத்தின் முன்வெளியில் அத்தனை நீளம் என்றால் சைக்கிள் ஸ்டாண்டும் வேப்பமரமும் கடைகளும் இருக்கும் இடம்தான். லிஃப்டுக்கு இடம் கொஞ்சம் போதும். ஆனால் அது பழுதாகி நின்றால் எல்லாம் நின்றது. சுரங்கப்பாதை அமைத்தால் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும். எந்த வழியை எடுத்தாலும் யாரோ ஒருவர் எதையோ விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

அப்போது பொதுவாகக் கைக்கொள்ளும் அளவுகோல் தலைக்கணக்கு. நிலையங்களைத் தரம் பிரிப்பதே பயணிகளின் எண்ணிக்கையையும் வருமானத்தையும் வைத்துத்தான். சக்கர நாற்காலியில் வருபவர் நாளுக்கு ஓரிருவர். அவர்களுக்காக ஆயிரம் பேரின் பழக்கத்தை மாற்றுவதா என்ற கேள்வி நியாயமாகவே ஒலிக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு, படிக்கட்டு பலரைத் திருப்பி அனுப்பிய பிறகு எடுத்த கணக்கு. வர முடியாதவர் டிக்கெட் எடுக்கவில்லை. டிக்கெட் எடுக்காதவர் எண்ணிக்கையில் இல்லை. எண்ணிக்கை இல்லாததால் லிஃப்ட் இல்லை. காட்பாடியில் இறங்கி வேலூர் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நோயாளி வாடகைக் காருக்குக் கடன் வாங்குகிறார், அல்லது போகாமலே இருந்துவிடுகிறார். அவருடைய இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. விலக்கி வைக்கப்பட்டவர்களின் குறைந்த எண்ணிக்கையைக் காட்டியே அவர்களை மேலும் விலக்கி வைப்பது அநீதி.

உதவிக்குத்தான் ஆள் இருக்கிறாரே என்பார்கள். அந்த உதவி எப்படிப்பட்டது? லிஃப்டும் சாய்தளமும் இல்லாத நிலையங்களில் சக்கர நாற்காலியை நடைமேடையின் கோடிவரை தள்ளிக்கொண்டு போய், சரக்குத் தள்ளுவண்டிகளுக்கான பாதை வழியாகத் தண்டவாளங்களைக் கடந்து அடுத்த நடைமேடைக்குக் கொண்டுபோகிறார்கள். அதுவும் இல்லாத இடத்தில் வளர்ந்த மனிதரை இரண்டு பேர் படிகளில் தூக்கிச் செல்கிறார்கள். தூக்குபவர்களின் மனம் நல்ல மனமாகவே இருக்கலாம். ஆனாலும் எப்போது புறப்படுவது, யார் தொடுவது, எங்கே இறக்கிவிடப்படுவது என எதையும் அந்த மனிதர் தாமே முடிவுசெய்ய முடியாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை இரக்கத்தின் பொறுப்பில் விடவில்லை. பொதுக் கட்டடங்களைச் சீர்படுத்த அது கொடுத்த ஐந்தாண்டுக் கெடு 2022இலேயே முடிந்துவிட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கு முரண் என்று கூறி, கட்டாய விதிகளை வகுக்க உத்தரவிட்டது.

ஆகவே நுழையும் உரிமை முந்தியது. கடையை வேறிடத்தில் போடலாம். படியேற முடியாதவருக்கு அந்த நடைமேடையைத் தவிர வேறு நடைமேடை கிடையாது. ஆனால், உரிமை ஊருக்கெல்லாம் பொதுவாக இருக்க, அதன் விலையை வாசலில் நிற்கும் ஏழை மட்டும் கொடுப்பது எந்த வகையில் நியாயம்? தெருவோர வியாபாரிகளைக் காக்க 2014இல் வந்த சட்டம் ரயில்வே நிலத்துக்குப் பொருந்தாது என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது. தலைமுறையாக அங்கே தேநீர் விற்றவருக்குச் சட்டத்தில் பிடிமானம் இல்லை. சட்டம் கைவிட்ட இடத்தில் நிர்வாகத்தின் கடமை கூடுகிறதே தவிர, குறைவதில்லை. பழைய கடையை இடிக்கும் முன் புதிய முன்வெளியில் அவருக்கு இடம் குறித்துக் கொடுக்க வேண்டும். எஸ்கலேட்டரும் சக்கரம் வைத்த பெட்டியும் வருமானத்தைத் தின்றுவிட்ட போர்ட்டர்களுக்கு, பயணிகளை அழைத்துச் செல்லும் பணியைப் பயிற்சியும் ஊதியமும் தந்து முதலில் வழங்க வேண்டும்.

தண்டவாளத்தைக் கடப்பவர்களின் விஷயத்தில் வேலையின் வரிசைதான் அறம். கடப்பதைத் தடுக்கும் வேலியை முதலில் போட்டு, ஏற எளிய பாலத்தைப் பிறகு கட்டினால், முழங்கால் வலிக்கும் மூதாட்டி வேலியின் உடைந்த கம்பிக்கிடையே நுழைந்துதான் போவார். பாலமும் லிஃப்டும் ஓடத் தொடங்கிய பிறகே வேலி வர வேண்டும். சக்கர நாற்காலிக்காகக் கேட்கப்படும் அதே வசதி அவருக்கும், கைக்குழந்தையோடு வருபவருக்கும் உரியது.

இத்தனையும் செய்த பின்னும் ஒரு தடை மிஞ்சுகிறது. உயர் நடைமேடை தண்டவாள மட்டத்திலிருந்து 76 முதல் 84 சென்டிமீட்டர். விரைவு ரயில் பெட்டியின் தளமோ 1.2 மீட்டருக்கும் மேலே. லிஃப்டில் ஏறி இறங்கிப் பெட்டியின் வாசல்வரை வந்தவர் கடைசியில் ஏறத்தாழ 40 சென்டிமீட்டரில் மறுபடி பிறர் கையை நம்பி நிற்கிறார். முகப்புத் தூண்களுக்கும் வண்ண விளக்குகளுக்கும் பணம் ஒதுக்கும் முன் இந்த 40 சென்டிமீட்டருக்கு ஒதுக்க வேண்டும். வரைபடம் முடிவாகும் முன், இதுவரை அந்த நிலையத்துக்கு வர முடியாதவர்களின் வீடுகளுக்கு அதிகாரிகளே சென்று கேட்க வேண்டும். நிலையத்தில் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அவர்களால் வர முடியாது.