சூத்திரம் இல்லையா? எண்ணைப் போடு!

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகளே, உங்கள் வாயிலிருந்து ஒரு வசனத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. "சேர், இதுக்குச் சூத்திரம் இல்லை. அப்ப செய்யேலாது." யார் சொன்னது செய்யேலாது என்று? சூத்திரம் இல்லாத சமன்பாட்டுக்கும் விடை உண்டு. எத்தனை தசமதானம் வேண்டுமோ அத்தனை தானத்துக்கு அதைப் பிடிக்கலாம். தொடங்கத் துணிவு மட்டும் வேண்டும்.

மரைன் டிரைவுக்குப் போய் ரயில் பாதைக்கு அப்பால் கடலைப் பாருங்கள். சோழகம் வீசும் மாதங்களில் ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர 10 செக்கன் என்று வையுங்கள். அந்த இடத்தில் ஆழம் 10 மீற்றர். இரண்டு முகடுகளுக்கும் இடையே எவ்வளவு தூரம்? நடுக்கடல் என்றால் சில பெருக்கல், ஒரு வகுத்தல், கதை முடிந்தது: 156 மீற்றர். ஆழம் குறைந்த நீரில் அந்த 156 ஐ ஓர் அதிபரவளைவுத் தான்சனால் (tanh) பெருக்க வேண்டும். அந்தத் தான்சனைக் காண்பதற்கோ, ஆழத்தை 2 பையால் பெருக்கி, நாம் தேடும் அதே அலைநீளத்தால் வகுக்க வேண்டும்! தேடும் எண் சமன்பாட்டின் இரண்டு பக்கமும் நிற்கிறது. எந்த அட்சரகணித வித்தையாலும் அதைத் தனியே பிரித்தெடுக்க முடியாது.

இந்த இடத்தில்தான் பலர் பேனையைக் கீழே வைக்கிறார்கள். வைக்காதீர்கள்! பிழையென்று தெரிந்துகொண்டே 156 ஐ உள்ளே போடுங்கள். 59.6 வருகிறது. அதையே திரும்பப் போடுங்கள். 122 வருகிறது. பார்த்தீர்களா? 156 ஐப் போட்டால் அதைவிடச் சிறிது வருகிறது, 59.6 ஐப் போட்டால் அதைவிடப் பெரிது வருகிறது. ஆகவே நடுவே ஓரிடத்தில் போட்டதும் வந்ததும் சமமாகியே தீரும். தொடர்ச்சியான சார்புகளுக்கு இது தப்பாது என்பதை 1817 இலேயே கணிதவியலாளர் பொல்சானோ நிறுவிவிட்டார். இரண்டே பிழையான எண்கள்! அவை விடையைச் சிறைப்பிடித்துத் தந்துவிட்டன.

இப்படியே போட்டுக்கொண்டு போனால் 73.8, 108, 81.8 என்று அங்குமிங்கும் ஆடி ஆடித்தான் நெருங்கும். அவ்வளவு நேரம் இல்லையா? மீண்டும் 156 இலிருந்து தொடங்கி, போட்டதையும் வந்ததையும் கூட்டிப் பாதியாக்கி, அதை அடுத்த எண்ணாகப் போடுங்கள். 108. பிறகு 94.9. பிறகு 92.7. நான்காம் முறை 92.4. ஐந்தாம் முறை போட்டாலும் 92.4 தான். அலைநீளம் அகப்பட்டுவிட்டது.

இது வெறும் பயிற்சிக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கொட்டாஞ்சேனைக்காரரின் வாசலிலேயே இருக்கிறது துறைமுகம். அதன் தென்மேற்கு அலைதடுப்புக்கு 1875 இல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு முன் சோழகக் காலத்தில் கொழும்பில் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டுத் தத்தளித்தன. இன்று எந்த நாட்டில் அலைதடுப்பை வடிவமைப்பவரும் இந்த அலைநீளத்தைக் கண்டாக வேண்டும். அவரிடமும் இதற்கு நேர்ச்சூத்திரம் கிடையாது. ஆனாலும் சுவர் எழுகிறது, கப்பல் உள்ளே வருகிறது.

வானியலாளர் கெப்ளரை நினைத்துப் பாருங்கள். கோள் எந்த நாளில் எங்கே நிற்கும் என்பதற்கான சமன்பாட்டை 1609 இல் ஒரு நூலில் எழுதியவர், வில்லும் சைனும் வெவ்வேறு இனம், ஆகவே இதை நேராகத் தீர்க்க முடியாது என்று நம்புவதாக அதே நூலில் ஒளிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டுக் கைகட்டி இருந்தாரா? ஆண்டுக்கணக்காகக் கணித்து 1627 இல் அட்டவணைகளை வெளியிட்டார். 1631 நவம்பரில் புதன் சூரியனைக் கடக்கும் என்று முன்கூட்டியே அறிவித்தார். 1630 இல் அவர் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு நவம்பர் 7 ஆம் திகதி பரிஸ் நகரில் கசென்டி என்ற வானியலாளர் தொலைநோக்கியில் பார்த்தார்: சூரியன்மேல் ஒரு சிறு கரும்புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது!

தவணைப் பரீட்சையில் 35 புள்ளி வாங்கிவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டிருக்கும் தம்பி, தங்கச்சி, அந்த 35 நீங்கள் போட்ட எண்ணுக்கு வந்த பதில். அவ்வளவுதான். எந்தப் பக்கம், எவ்வளவு விலகினீர்கள் என்று அது சொல்கிறது. வினாத்தாளைத் திரும்ப எடுங்கள், விலகலை அளவிடுங்கள், திருத்திய எண்ணை உள்ளே போடுங்கள்!

ஒன்றை மறைக்கமாட்டேன். எல்லா வழியும் விடைக்குக் கொண்டுபோகாது. சில வழிகள் ஒவ்வொரு அடியிலும் உங்களை இன்னும் தூரத்துக்கு எறியும். விடைக்கருகில் சார்பின் சாய்வு, குறியை விட்டுப் பார்த்தால், 1 ஐ விடக் கூடினால் அப்படித்தான் நடக்கும். அப்போது உங்களை நொந்துகொள்ளாமல் வழியை மாற்றுங்கள்.

கொப்பியை எடுங்கள். தன் இயற்கை மடக்கையோடு 2 ஐக் கூட்டினால் தன்னையே தரும் எண் எது? 3 இல் தொடங்குங்கள்: 3.0986, 3.1310, 3.1413 என்று ஏறி 3.1462 இல் நிற்கும். ஆனால் இன்னொரு விடையும் இருக்கிறது, 0.16 க்குச் சற்றுக் கீழே. இதே வழியில் போனால் அது உங்களை உதறித் தள்ளும். சமன்பாட்டைத் திருப்பிப் போட்டு, மடக்கைக்குப் பதில் அடுக்குக்குறிச் சார்பை வைத்து, 0.1 இலிருந்து தொடங்குங்கள். நான்கு தசமதானத்துக்கு அதைப் பிடிக்காமல் இன்று கொப்பியை மூடாதீர்கள்!