உறைஞ்சு போய் எதிர்காலத்துக்குப் போகலாமா?

இன்னைக்குக் கொஞ்சம் வித்தியாசமான விஷயம். பொறுமையா முழுசும் படிங்க.

போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்குத் தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். அமெரிக்காவில் இறந்தவர்களின் உடலை உறைய வைத்துப் பாதுகாக்கிறார்கள், மருத்துவம் வளர்ந்த பிறகு எழுப்பிவிடலாம் என்ற நம்பிக்கையில். கீழே ஒரே ஒரு வரி. "அண்ணே, நம்ம ஆச்சியையும் இப்படி வச்சிருந்தா?"

ஆச்சி போய் நாலு மாசம்தான் ஆகுது. என்ன பதில் போடுறதுன்னு தெரியல. தூக்கமும் வரல. உக்காந்து தேடித் தேடிப் படிச்சேன்.

முதல்ல ஒண்ணு. குளிர் யாரையும் காலத்தில் தூக்கிக்கொண்டு போவதில்லை. உடம்பில் நடக்கும் மாற்றங்களை நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். வெளியில வச்ச பால் சாயந்தரமே திரிஞ்சிரும், ஃபிரிட்ஜ்ல வச்சா சில நாள் தாங்கும். அதே கணக்குதான். திரவ நைட்ரஜனின் குளிர் மைனஸ் 196 டிகிரி. அந்தக் குளிரில் ரசாயன மாற்றம் ஏறக்குறைய நின்றே போகும். வெளியே நூறு வருஷம் ஓடினாலும் உள்ளே ஒரு நாள்கூட ஓடியிருக்காது. முன்னால் மட்டும்தான் போக முடியும். திரும்பி வர டிக்கெட் கிடையாது.

இப்படி முதலில் கிளம்பியவர் ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற உளவியல் பேராசிரியர். 1967 ஜனவரி 12-ல் புற்றுநோயால் இறந்தார். இன்னும் அரிசோனாவில் ஒரு தொட்டிக்குள்தான் இருக்கிறார். அவருக்குப் பிறகு நூற்றுக்கணக்கானவர்கள் போயாச்சு. இதுவரை ஒருத்தரும் எழுந்து வரல. உறையும்போது தண்ணீர் பனிக்கட்டியாகி உயிரணுக்களைச் சிதைத்துவிடும். அதைத் தடுக்க மருந்து ஏற்றினாலும், முழு மனிதரை மீட்கும் வழி இன்றைக்கு யாரிடமும் இல்லை.

ஆனா இயற்கையில இது நடக்குது. அலாஸ்காவில் ஒரு வகை மரத்தவளை குளிர்காலத்தில் கல்லு மாதிரி உறைஞ்சு போகும். மூச்சு இல்லை, இதயத்துடிப்பு இல்லை. உடம்பில் ஊறிய சர்க்கரை உயிரணுக்களைக் காப்பாற்றும். வெயில் வந்ததும் உருகி எழுந்து, குளத்துக்குத் தாவிப் போகும். மனிதக் கருவும் தாங்குது. 1992-ல் உறைய வைத்த கருக்களிலிருந்து 2022-ல் அமெரிக்காவில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தார்கள்.

இங்கதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. தவளை எழும்போது அதோட கூட்டமும் அதே வெயிலில் எழுந்து அதே குளத்துக்கு வருது. அந்த இரட்டைக் குழந்தைகளை வாங்கிக்க ஒரு அம்மாவும் அப்பாவும் காத்திருந்தாங்க. பெட்ஃபோர்ட் நாளைக்கே கண் முழிச்சா, "வாங்க"ன்னு சொல்ல யார் இருப்பா?

வழியிலும் ஆள் வேணும். தொட்டியில் நைட்ரஜன் குறையக் குறைய யாராவது ஊற்றிக்கொண்டே இருக்கணும். 1970-களில் கலிஃபோர்னியாவில் சாட்ஸ்வொர்த் மயானத்து நிலவறையில் வைத்திருந்த உடல்கள், பணம் தீர்ந்ததால் உருகி அழிந்தன. சாவைத் தாண்டணும்னு போனவங்களோட பயணம், மாசா மாசம் பணம் கட்டுற ஒருத்தர் கையிலதான் இருந்திருக்கு.

அப்போ இந்த ஆசையே தப்பா? அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரல. 2016-ல் லண்டனில் புற்றுநோய் வந்த 14 வயசுப் பெண் ஒருத்தி, தன்னை உறைய வைக்கணும்னு நீதிபதிக்குக் கடிதம் எழுதினாள். பிரிந்து வாழ்ந்த பெற்றோருக்குள் இதில் ஒத்துப்போகல. அம்மாவே முடிவெடுக்கலாம் என்றார் நீதிபதி. இது சரியா தப்பா என்பதற்குள் அவர் போகவில்லை. அவள் விருப்பப்படியே உடல் அமெரிக்காவுக்குப் போனது. வாழத் தொடங்குமுன்னே முடிஞ்சு போற ஒரு குழந்தை இன்னும் கொஞ்சம் கேட்டா, நீ பேராசைக்காரின்னு எந்த நாக்கால சொல்றது?

ஆச்சிக்கு 81 வயசு. அவ கேட்டது நூறு வருஷம் இல்ல. "திருச்செந்தூர் கடலை ஒரு தடவை பாக்கணும்யா, கூட்டிட்டுப் போறியா?" இதைத்தான் ஒரு வருஷமா கேட்டா. நானும் ஒவ்வொரு தடவையும் "பரீட்சை முடியட்டும் ஆச்சி", "அடுத்த லீவுக்குப் போவோம் ஆச்சி"ன்னே சொன்னேன். நம்ம ஊர்லேர்ந்து பஸ்ல ரெண்டு மணி நேரம்தான்.

உண்மையைச் சொன்னா, ஆச்சியை நான் உயிரோட இருக்கும்போதே உறைய வச்சிட்டேன். வேலை முடிஞ்சதும் எடுத்துக்கலாம், அப்படியே இருப்பான்னு நினைச்சேன். உயிரோட இருக்கிறவங்களை அப்படி வைக்க எந்தத் தொட்டியும் இல்ல. நம்ம தள்ளிப்போட்ட நாளெல்லாம் அவங்களுக்கு ஓடிக்கிட்டேதான் இருக்கு.

விடியக்காலம் நாலு மணிக்குத் தம்பிக்குப் பதில் போட்டேன். "வச்சிருந்தாலும் அவ எந்திரிக்கிற அன்னைக்கு நீயும் நானும் இருக்க மாட்டோம்டா. நம்மளைத் தேடி அழுவா. ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு திருச்செந்தூர் போவோம்."

போயிட்டு வந்துட்டோம். அம்மா ரொம்ப நேரம் கடலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. ஆச்சி கேட்ட அந்த ஒரு நாளை மட்டும் இனி எதாலயும் திரும்ப எடுக்க முடியாது.

உங்க வீட்லயும் யாராவது எங்கயாவது கூட்டிட்டுப் போகச் சொல்லிக் கேட்டுக்கிட்டு இருப்பாங்க. இதை ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு போன் போடுங்க.