சங்கிலியும் நாற்காலியும்

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளர் காப்பகம் என்ற பெயரால் நடந்துவந்த ஓலைக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. 28 பேர் மாண்டனர். கால் இருந்தது, ஓடவும் தெரியும். ஆனால் காலிலே சங்கிலி இருந்தது!

அங்கே கொண்டுவந்து விட்டவர் கொடியவரா? அல்லர். தர்காவிலே நோய் தீரும் என்று நம்பிய பெற்றோர், உடன்பிறந்தோர். மூடநம்பிக்கையைச் சாடி இத்துடன் நிறுத்திவிடலாம். நமக்குப் பழகிய வேலை அது. ஆயினும் நம்மையே நோக்கி ஒரு கேள்வி எழுகிறது.

அறிவே அளவுகோல் என்போர் நாம். அறிவு கலங்கியவர் என்று உலகம் முத்திரையிட்டவரை எங்கே அமர்த்துகிறோம்? மந்திரவாதியிடமிருந்து மீட்டு மருத்துவரிடம் ஒப்படைக்கிறோம். நல்லதே. ஆனால் அவர் வாய் திறக்க இடம் கிடைத்ததா? பூசாரியும் அவரைக் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை!

"மனம் பிறழ்ந்தவன் பேச்சும் ஒரு பேச்சா?" என்பர். நோய் எவரையும் எந்நேரமும், எல்லாப் பொருளிலும் ஆட்கொண்டுவிடுவதில்லை. கடுமை தணியாத நாளிலும் பசி எது, அடி எது, அவமானம் எது என்று அவருக்குத் தெரியும். மருந்து நாவை உலர்த்துவதும் கையை நடுங்கவைப்பதும் உண்டவர் அறிவார். பூட்டிய அறையில் இரவு எத்தனை நீளம் என்பதை எந்தப் பாடநூல் சொல்லும்? சங்கிலியின் சாவி எங்கே இருக்கவேண்டும் என்று கேட்டிருந்தால், ஏர்வாடிக் கொட்டகையில் கிடந்த எவரும் சொல்லியிருப்பார். அமெரிக்கரான கிளிஃபோர்டு பியர்ஸ், மனநோய் விடுதிகளில் தாம் பட்ட கொடுமைகளை 1908இல் நூலாக எழுதினார். மறு ஆண்டே, அவர் முயற்சியால் மனநலத்துக்கென அங்கு ஒரு தேசியக் குழு தோன்றிற்று. 'பைத்தியக்காரன் எழுத்து' என்று கிழித்தெறிந்திருந்தால்?

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. சங்கிலியிடுவதைத் தடுத்தது. மாநில ஆணையத்தில், நோயுற்றோர் சார்பில் இருவருக்கு இடம் தந்தது. வரவேற்கிறோம். ஆனால் மறுஆய்வு வாரியத்தைப் பாருங்கள். ஒருவரை அவர் விருப்பமின்றி மருத்துவமனையில் வைத்திருப்பது முறைதானா என்று ஆராயும் மன்றம் அது. இருக்கைகள் ஆறு. அவற்றுள் இரண்டு நோயுற்றவருக்கு, அல்லது பராமரிப்பவருக்கு, அல்லது அவர்கள் அமைப்பினருக்கு, அல்லது தொண்டு நிறுவனத்தாருக்கு! 'அல்லது' என்ற அந்தச் சிறு சொல் செய்யும் வேலையைக் கண்டீர்களா, தோழர்களே? வலியறிந்த ஒருவர்கூட இல்லாமலே இரண்டு இருக்கையும் நிரம்பிவிடலாம்.

"உனக்காக நாங்கள் பேசுகிறோம்" என்ற குரல் நமக்குப் புதிதன்று. 1921இல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி ஆணை பிறப்பித்த காலந்தொட்டு, "தகுதி என்னாவது?" என்று கேட்டோர்க்கு நாம் விடை சொல்லி வந்திருக்கிறோம். அன்று நமக்கு இனித்த நியாயம், இவர்கள் கேட்கும்போது கசப்பானேன்?

தன்னை மாய்த்துக்கொள்ள முனைபவரைக் கைபிடித்துத் தடுக்கத்தான் வேண்டும், இதை மறுக்கவில்லை. எப்போது தடுப்பது, எத்தனை நாள், எவ்வாறு என்ற விதியை எழுதும் மேசையில், அப்படித் தடுக்கப்பட்டு மீண்டவரும் இருக்கட்டும் என்கிறோம். அதுவும் அழைத்து, தேநீர் தந்து, கையெழுத்து வாங்கி அனுப்பும் மரியாதை வேண்டா. கோப்பு அவருக்கும் முன்கூட்டியே போகட்டும். மருத்துவருக்குரிய படியே அவருக்கும் கிடைக்கட்டும். அவர் சொன்ன மறுப்பு குறிப்பேட்டில் ஏறியதா என்று அடுத்த கூட்டத்தில் அவரே படித்துப் பார்க்கட்டும்.