நிலுவை எந்த நாளிலிருந்து?

உடல்நலக் குறைவால் வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு பிரிட்டன் அரசு கொடுத்துவந்த பழைய உதவித்தொகை 2011இலிருந்து படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதைப் பெற்றுவந்தவர்கள் ஈ.எஸ்.ஏ. என்ற புதிய உதவித்தொகைக்கு மாற்றப்பட்டார்கள். ஈ.எஸ்.ஏ.யில் இரண்டு வகை இருந்தன. வேலை செய்த காலத்தில் கட்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ் சந்தாவின் பேரில் வருவது ஒன்று. வருமானம் குறைவு என்பதன் பேரில் வருவது மற்றொன்று. இயலாமையின் கடுமைக்கேற்பத் தரப்படும் ‘பிரீமியம்’ எனும் கூடுதல் தொகைகள் இரண்டாவது வகையில்தான் சேர்ந்தன. ஒருவருக்கே இரண்டிலும் உரிமை இருக்க முடிந்தது. மாற்றத்தை நடத்திய வேலை மற்றும் ஓய்வூதியத் துறையோ, பல்லாயிரம் பேரின் கோப்புகளில் முதல் வகையை மட்டும் பார்த்துவிட்டு முடித்துக்கொண்டது. அவர்கள் ஏழைகளா என்று கேட்கவே இல்லை.

தணிக்கை அலுவலகம் 2018 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டபோது, குறைவாகப் பணம் பெற்றவர்கள் சுமார் 70,000 பேர் என்று மதிப்பிடப்பட்டது. துறை தவறை ஒப்புக்கொண்டது. ஆனால் 2014 அக்டோபர் 21க்குப் பிந்தைய நிலுவையைத்தான் தர முடியும் என்றது. அந்த நாளில்தான் மேல் தீர்ப்பாயம் ஒரு வழக்கில் சட்டத்தைத் தெளிவுபடுத்தியிருந்தது. அப்படியொரு தீர்ப்பு வந்தால், அதற்கு முந்தைய காலத்துக்குப் பணம் கொடுக்காமல் தவிர்த்துக்கொள்ள 1998ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு இடம் தருகிறது. சைல்ட் பாவர்ட்டி ஆக்‌ஷன் குரூப் என்ற அமைப்பு நீதிமன்றத்துக்குப் போன பிறகே, 2018 ஜூலையில் துறை இறங்கிவந்தது. நடந்தது அலுவலகத்தின் பிழை, ஆகவே மாற்றப்பட்ட நாளிலிருந்தே நிலுவை உண்டு என்று ஏற்றது. 2021 நடுப்பகுதிக்குள் சுமார் 6 லட்சம் கோப்புகள் மறுபடி பார்க்கப்பட்டு, ஏறத்தாழ 1,18,000 பேருக்கு 60 கோடி பவுண்டுக்கு மேல் கொடுக்கப்பட்டது.

தொகை பெரிது. ஆனாலும் இதில் எழும் அறக் கேள்வி தேதியைப் பற்றியது. கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காமல் ஆண்டுகள் ஓடியிருந்தால், எந்த நாளிலிருந்து அதைக் கணக்கிடுவது நியாயம்? தேவை தொடங்கிய நாளா, கேட்ட நாளா, அரசுக்குத் தெரிந்த நாளா?

முன்தேதியிட்டுப் பணம் கொடுப்பதற்கு எதிரான வாதங்களில் மிகக் கூர்மையானது இதுதான்: உதவித்தொகை இன்றைய தேவைக்கானது, கழிந்துபோன குளிர்காலத்துக்கு இன்று பணம் கொடுத்து யாரையும் சூடேற்ற முடியாது. இந்த நோக்கில் பார்த்தால், பழைய நிலுவை ஒரு திடீர் வரவு மட்டுமே. அந்தப் பணத்தை இன்று தேவையில் இருப்பவர்களுக்குச் செலவிடலாமே என்று அடுத்த கேள்வியும் வரும்.

கடும் இயலாமைக்கான பிரீமியத்தை எடுத்துக்கொண்டு இதைச் சோதிக்கலாம். 2024-25இல் தனிநபருக்கு அது வாரம் 81.50 பவுண்டு. அன்றாட வாழ்க்கைக்குப் பிறர் துணை வேண்டும் என்று பி.ஐ.பி. போன்ற ஓர் உதவித்தொகையின் வழியே ஏற்கெனவே உறுதிப்பட்டிருக்க வேண்டும். பொதுவாக, வீட்டில் வயதுவந்த வேறு யாரும் உடன் இருக்கக் கூடாது. அவரைப் பார்த்துக்கொள்வதற்காக வேறொருவர் கேரர்ஸ் அலவன்ஸ் வாங்கக் கூடாது. அதாவது, துணைக்கு ஆளில்லாதவர் காசு கொடுத்தாவது துணை தேடிக்கொள்ளட்டும் என்பதற்கான தொகை இது. இது வராத ஆண்டுகளில் அந்த மனிதர் என்ன செய்திருப்பார்? குளியலைத் தள்ளிப்போட்டிருப்பார். பக்கத்து வீட்டாரிடம் கடமைப்பட்டிருப்பார். கடன் வாங்கியிருப்பார். தேவை தானாகத் தீர்ந்துவிடவில்லை. அரசின் மேல் விழ வேண்டிய சுமை, தாங்க முடியாத ஒருவர் மேலும் அவரைச் சுற்றியிருந்தவர்கள் மேலும் விழுந்தது. பிறர் சுமந்த பாரத்துக்கு ஈடு கேட்பதைத் திடீர் வரவு என்று சொல்ல முடியாது.

சட்டமும் ஓரிடத்தில் இதை உணர்ந்திருக்கிறது. வருமானம் பார்த்துத் தரும் உதவிகள் பலவற்றில் சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் உதவி நின்றுவிடும். ஆனால் அலுவலகப் பிழையால் வந்த நிலுவை 5,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால், அந்த உதவித்தொகை தொடரும் காலம் முழுவதும் அதைச் சேமிப்பாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். இன்றைய தேவை மட்டுமே அளவுகோலாக இருந்திருந்தால் இப்படியொரு விதிக்கு அவசியமே இருந்திருக்காது. அந்தப் பணம் அவருக்கு உரியது, தாமதமாக வந்து சேர்ந்தது என்ற எண்ணம்தான் இதன் அடியில் இருக்கிறது.

உரியது என்று ஒப்புக்கொண்டால், கேட்டவருக்குத்தான் தருவோம் என்ற நிபந்தனையின் பலம் பாதி குறைகிறது. பி.ஐ.பி.யை முடிவு செய்வது எந்தத் துறையோ, ஈ.எஸ்.ஏ. கொடுப்பதும் அதே துறை. ஒரு மேசைக்குத் தெரிந்தது மறு மேசைக்குப் போகவில்லை என்பதற்காக ஒருவர் பணத்தை இழக்கலாமா? விதிகள் இங்கே ஓரளவு நியாயமாகவே இருக்கின்றன. பி.ஐ.பி. முன்தேதியிட்டு வழங்கப்பட்டால், பிரீமியத்தையும் அந்தத் தேதி வரை பின்னோக்கிக் கொண்டுபோகலாம். கேரர்ஸ் அலவன்ஸ் ஒருவருக்கு முன்தேதியிட்டுக் கிடைத்தாலும், அதைக் காட்டி இயலாதவரின் பழைய பிரீமியத்தைப் பிடுங்குவதில்லை. இது நல்ல விதி. ஒருவருக்குப் பின்னாளில் வந்த பணத்துக்காக இன்னொருவர் என்றோ செலவழித்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது என்ற நிதானம் அதில் இருக்கிறது. ஆனால் இந்த வழிகள் எல்லாம் இருக்கின்றன என்று யாராவது எடுத்துச் சொன்னால்தான் தெரியும். நல உதவி ஆலோசகர்கள் இல்லாத ஊரில் இந்த நியாயம் காகிதத்திலேயே தங்கிவிடும்.

பின்னோக்கிப் போகவே முடியாதவையும் உண்டு. வருமானம் பார்த்துத் தரும் ஈ.எஸ்.ஏ. வந்தவர்களுக்கு இங்கிலாந்தில் கூடவே மருந்துச் சீட்டுக் கட்டண விலக்கும், இலவசப் பல் மருத்துவமும், பிள்ளைகளுக்குப் பள்ளியில் இலவச உணவும் கிடைத்தன. மாற்றத்தின்போது விடுபட்டவர்கள் இவற்றையும் சேர்த்தே இழந்தார்கள். உதவித்தொகையின் நிலுவை வந்தது, கையிலிருந்து மருந்துக்குக் கொடுத்த காசு வரவில்லை. முழு நிலுவை என்று துறை சொன்னது முழுமையானதல்ல. நிலுவை வருமுன்பே இறந்துபோனவர்களுக்கோ எந்தத் தேதியும் உதவாது.

அலுவலகப் பிழை என்று தெளிவாகச் சொல்ல முடியாத இடத்தில்தான் கேள்வி கடினமாகிறது. உடனிருந்த மகன் தனிக்குடித்தனம் போய்விடுகிறான். தாய்க்கு அன்றிலிருந்து பிரீமியம் உரியது. அரசுக்கு அது தானாகத் தெரியாது, அவர்தான் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் சொன்னால் மகன் போன நாளிலிருந்து கிடைக்கும். தகுந்த காரணம் காட்டினால் 13 மாதம் வரை இந்தக் கெடுவை நீட்டிக்கலாம். அதைத் தாண்டினால் சொன்ன நாளிலிருந்துதான். ஏதோ ஓர் எல்லை வேண்டும் என்பதை மறுக்க முடியாது. பத்து ஆண்டுக்கு முன் அந்த வீட்டில் யார் படுத்துறங்கினார் என்று இன்று நிரூபிப்பது யாருக்கும் எளிதல்ல.

ஆனால் இந்த எல்லையை எதிர்த்திசையோடு ஒப்பிட வேண்டும். வருமானம் பார்த்துத் தந்த பழைய உதவிகளுக்குப் பதிலாக வந்த யுனிவர்சல் கிரெடிட்டில் துறையே தவறு செய்து கூடுதலாகக் கொடுத்த பணத்தையும், வாங்கியவர்மீது எந்தக் குற்றமும் இல்லாவிட்டாலும் திரும்ப வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. விட்டுக்கொடுப்பது துறையின் விருப்பம். அதே யுனிவர்சல் கிரெடிட்டுக்கு ஒருவர் தாமதமாக விண்ணப்பித்தால், குறிப்பிட்ட சில காரணங்களுக்கு மட்டும் அதிகபட்சம் ஒரு மாதம் முன்தேதியிடலாம். தன் பிழையைத் திருத்திக்கொள்ள அரசுக்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம். தன் அறியாமையைத் திருத்திக்கொள்ளப் படுக்கையில் கிடப்பவருக்கு ஒரு மாதம். வழக்கறிஞர்களும் கணினிகளும் உள்ள தரப்புக்கு நீண்ட கெடு, படிவத்தின் எழுத்தே புரியாத தரப்புக்குக் குறுகிய கெடு என்பதை நிர்வாக வசதி என்ற பெயரில் ஏற்றுக்கொள்ள முடியாது.

யுனிவர்சல் கிரெடிட் என்ற இந்தப் புதிய முறையில் கடும் இயலாமைப் பிரீமியமே கிடையாது. அது வாங்கிக்கொண்டிருந்த இருவர் வேறு உள்ளாட்சிப் பகுதிக்குக் குடிபெயர்ந்ததும் யுனிவர்சல் கிரெடிட்டுக்குத் தள்ளப்பட்டு, மாதம் சுமார் 180 பவுண்டு இழந்தார்கள். அவர்களில் ஒருவர் உயிர்க்கொல்லி நோய்க்குச் சிகிச்சை பெற லண்டனுக்கு வந்தவர். 2018 ஜூனில் உயர் நீதிமன்றம் அதைப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது.  தொகையைக் குறைக்க எந்தக் கெடுவும் குறுக்கே நிற்கவில்லை. அவ்வளவு எளிதாகத் தொகையைக் குறைக்கும் துறை, ஒரு பயனாளியின் வீட்டில் மகன் இன்னும் இருக்கிறானா என்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கடிதத்தில் கேட்கலாம். கேட்டும் பதில் இல்லை என்றால் ஒரு மாதக் கெடுவைக் காட்டலாம். கேட்கவே இல்லை என்றால், மகன் போன நாளிலிருந்து கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.